ஈரல் சாப்பிடாதே என்றார் சின்சே

முதல் அறிகுறி என் ரவிக்கையில்தான் தெரிந்தது. நான் தையல்காரி. மலேசியாவில் தம்பின் என்ற ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கல்யாணம் என்றால் பாதிப் பெண்களின் அளவு என் தலைக்குள் இருக்கும். அப்படிப்பட்டவளுக்குத் தன் சொந்த ரவிக்கையின் கீழ்க்கொக்கி மாட்டவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். பாலியெஸ்டர் சுருங்காது என்பது எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்து, வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஒரு கனம் வந்தது. வலி என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஊசியில் நூல் கோக்கக் குனியும்போது, உள்ளே யாரோ மடித்த துண்டு ஒன்றைச் செருகி வைத்திருப்பது போல இருக்கும். மதியச் சோறு இறங்கியதும் அடித்துப் போட்ட மாதிரி அசதி. ஐம்பதைத் தாண்டினால் இப்படித்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதில்லை.

சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் கொடுக்கப் போன கிளினிக்கில்தான் விஷயம் வெளியே வந்தது. கல்லீரல் என்சைம்கள் (கல்லீரல் புண்படும்போது ரத்தத்தில் கூடுகிற நொதிகள்) அதிகமாக இருக்கின்றன என்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாள் எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் கையிலும் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கலாம். போனில் தேடித் தேடிப் படித்துப் பயந்துபோயிருக்கலாம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நான் பட்டதைச் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் என் மகன் வயதுப் பெண், தமிழ்ப் பிள்ளை. குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். எப்போதாவது? இல்லை. விசேஷங்களில் கொஞ்சம்? எங்கள் மாதா கோயிலில் பூசை நேரத்தில் சாமியார்தான் திராட்சை ரசம் குடிப்பார், நான் பார்த்துக்கொண்டு முழங்காலில் இருப்பேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அது என் பழக்கம். எனக்குத் தோன்றுகிற பதில்கள் எல்லாமே நல்ல பதில்கள்தான். ஒன்றுகூட வெளியே வந்தது கிடையாது.

என் அப்பா சம்சு குடித்துச் செத்தவர். சம்சு என்பது தோட்டத்துப் பக்கம் விற்ற மலிவுச் சாராயம். கடைசிக் காலத்தில் அவருடைய கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருத்து நின்றது. டாக்டர் கல்லீரல் என்றதும் எனக்கு அந்த வயிறுதான் கண்முன் வந்தது. பயந்துவிட்டேன். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அதே வயிற்றோடு சாக வேண்டுமா என்று ஆத்திரமும் வந்தது.

எனக்கு வந்திருந்தது கொழுப்புக் கல்லீரல். கல்லீரலின் செல்களில் கொழுப்பு சேர்ந்து, அது வீங்கி, மெல்லத் தழும்பாக மாறுவது. குடிக்காதவர்களுக்கும் வரும். எனக்குக் கொழுப்போடு நிற்கவில்லை, ஃபைப்ரோசிஸ் (கல்லீரலில் தழும்பு விழுந்து இறுகத் தொடங்குவது) ஆரம்பித்திருந்தது. எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேனைக் காட்டி டாக்டர் சொன்னார்:

"இப்ப நீங்க நிக்கிற இடத்துலேருந்து திரும்பி வரலாம் ஆன்ட்டி. இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டா வர முடியாது. அடுத்த வருஷம் இதே ஸ்கேன மறுபடி எடுப்போம்."

மாத்திரை என்ன என்று கேட்டேன். மாத்திரை இல்லை. எடையைக் குறைக்க வேண்டும், சீனியைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும். கண்ட கண்ட மூலிகைப் பொடிகளை வாங்கி விழுங்கக் கூடாது, சில பொடிகள் கல்லீரலையே கெடுத்துவிடும். அவ்வளவுதான். எனக்குப் பெரிய ஏமாற்றம். மாத்திரை இல்லாத வியாதியை வீட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். மேசைமேல் நாலு மருந்துப் பை இருந்தால்தான் அது வியாதி.

வீடு என்றேன். அதைச் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது தோட்டத்து வீடு. ஒரு ஹால், இரண்டு அறை, பின்னால் தகரம் போட்ட பின்கட்டு. என் கணவர் அந்தோணி எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மகன் வேலைக்குச் சிங்கப்பூர் போனதும் அவனுடைய அறையை நான் தையல் அறையாக்கிக்கொண்டேன். சன்னலோரம் மிஷின், சுவரில் நூல்கண்டுகள், கதவைச் சாத்தினால் எனக்கென்று ஒரு ராஜ்யம். அந்த ராஜ்யத்துக்குள் ஒரு நாள் என் கணவரின் அண்ணன் பெட்டியோடு வந்தார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேறொரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார். வேலை முடிந்ததும் தோட்டத்துக் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தார். அதன்பிறகு நாங்கள் பல கிறிஸ்துமஸ் சேர்ந்து கொண்டாடிவிட்டோம். என் தையல் மிஷின் பின்கட்டுக்குப் போயிற்று, அடுப்புக்கும் துணி துவைக்கும் தொட்டிக்கும் நடுவில். சாரல் அடித்தால் பட்டுத் துணியைத் தூக்கிக்கொண்டு நான் ஓட வேண்டும்.

கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கிராணி. சோற்றைப் பார்த்தாலும் கணக்குப் பார்க்கிற மாதிரியே பார்ப்பார். நான் கெட்டிலை வைத்த சத்தம் கேட்டால் போதும், உள்ளிருந்து "டீ போடுறியா மேரி?" என்று குரல் வரும். போடுவேன். பால்டின்னில், அந்த இனிப்புக் கெட்டிப்பாலில், பாதி ஊற்றி, அவருக்குப் பிடிக்குமே என்று மேலும் சீனி போட்டு, அவருக்கு ஒரு கிளாஸ், கலக்கினதை வீணாக்குவானேன் என்று எனக்கு ஒரு கிளாஸ். ஒரு நாளில் இது எத்தனை தடவை நடந்தது என்று டாக்டர் கேட்டபோது நான் கணக்குத் தெரியாதவள் போல இருந்துவிட்டேன். எனக்கு ஈரல் நோய் என்று தெரிந்ததும் மாமா, பாவம், கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "மேரி குடிக்கிறதே இல்ல" என்று சொல்லிவைத்தார். அதுவரை அப்படி நினைக்காதவர்களும் அதற்குப் பிறகு நினைக்கத் தொடங்கினார்கள். நான் அவருக்கு இன்னொரு டீ போட்டேன்.

மாத்திரை இல்லாத குறையைத் தீர்க்க அந்தோணிதான் வழி சொன்னார். லாரி பழுது பார்க்கும் பட்டறைக்காரர் ஒரு சின்சேயிடம், சீன வைத்தியரிடம், போய்க் குணமானாராம். தம்பின் டவுனில் அவருடைய கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், காய்ந்த வேரும் பழத்தோலும் கலந்த வாசனை. சின்சே வயதானவர், ஒல்லி, முழுக்கைச் சட்டை. எங்களுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எனவே எல்லாம் மலாயில்தான், அதுவும் சந்தையில் பேசுகிற பசார் மலாயில்.

டாக்டரின் தாளை முதலில் காட்டினேன், மூலிகைப் பொடி கூடாது என்று சொல்லியிருப்பதையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். டாக்டர் சொல்வதைக் கேள், நான் மருந்து தரப்போவதில்லை, சாப்பாடு மட்டும் சொல்கிறேன் என்றார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, ராத்திரி இரண்டு மணி வாக்கில் விழிப்பு வந்துவிடுகிறதா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது கல்லீரலின் நேரமாம். அப்போது விழித்துக்கொண்டு என்ன நினைப்பாய் என்று கேட்டார். ஒன்றும் நினைப்பதில்லை என்றேன். சின்சே அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி இழுப்பறைகளைப் பார்த்தார்.

"ஹீஜாவ் மாசோக் ஹாத்தி" என்றார் சின்சே. பச்சை ஈரலுக்குள் போகும். அவர்கள் சாத்திரத்தில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு நிறம், ஒரு ருசி, ஒரு பருவம் உண்டு. கல்லீரலுக்குப் பச்சை, புளிப்பு, வசந்தம். அடர்பச்சைக் கீரையாகச் சாப்பிடு. கைலான், சாவி, பாயாம். பச்சையாகத் தின்னாதே, வயிறு குளிர்ந்துவிடும். இஞ்சி தட்டிப் போட்டு, சட்டியில் இரண்டு பிரட்டு பிரட்டி இறக்கு. சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்துவிட்டது, இப்போது வசந்தம், கல்லீரல் துளிர்க்கிற காலம், விட்டுவிடாதே என்றார். நான் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இரண்டே பருவம். ஒன்று மழை பெய்யும், இல்லையென்றால் பெய்யப்போகும்.

எதைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டேன். விரலை மடக்கிச் சொன்னார். தேங்காய்ப்பால் கூடாது. பொரித்த மீன் கூடாது. பால்டின் கூடாது. கடைசியாக என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஜங்ஙான் மாக்கான் ஹாத்தி" என்றார். ஈரல் சாப்பிடாதே.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் ஆட்டீரல் பிரட்டல்தான். மிளகு போட்டு, சின்ன வெங்காயம் போட்டு. இந்த மனிதர் நாடியைப் பிடித்தே அதைக் கண்டுபிடித்துவிட்டாரே! யோசித்தால் நியாயமாகவும் பட்டது. என் ஈரலே சரியில்லை, இதில் ஆட்டுடையதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பானேன்? திரும்பும் வழியில் அந்தோணியிடம் சின்சேயின் திறமையைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். அவர் எப்போதும் அப்படித்தான் என்பதால் நான் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீடு பச்சையாயிற்று. காலையில் பாயாம், மதியம் சாவி, ராத்திரி கைலான். பின்கட்டை ஒட்டிப் பசலை படர விட்டேன். வெளிக்காட்டிலிருந்து அந்தோணி லாரியில் முருங்கைக்கீரை கொண்டுவந்தார். சாவியைத் தமிழ் வழியில் பருப்புப் போட்டுக் கடைந்து பார்த்தேன், கைலானுக்கு நெத்திலி போட்டுப் பார்த்தேன். பச்சையைப் பார்த்தாலே ஒரு நம்பிக்கை வரும். ஒவ்வொரு வாயும் நேராக விலா எலும்புக்குக் கீழே போய் இறங்குவதாக நினைத்துக்கொண்டு மெல்லுவேன். சொன்னால் சிரிப்பீர்கள், கல்லீரல் இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துகூட உட்காருவேன்.

மாமாவுக்குத்தான் சோதனைக் காலம். இருட்டியபின் கீரை சாப்பிடக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். நாங்கள் கிறிஸ்தவர்கள், ராத்திரிக் கீரையால் எந்த லட்சுமியும் எங்களைவிட்டுப் போகப்போவதில்லை. ஆனாலும் மாமா தட்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். கீரை என்றால் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்ய வேண்டும், இது மாட்டுக்கு அறுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார். மனசு கேட்காமல், அவருக்காகத் தேங்காய்ப்பாலில் ஒரு சட்டி தனியாகச் செய்தேன். செய்ததில் மிஞ்சியதை, வீணாக்குவானேன் என்று நானே தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈரல் நின்றது அவருக்குப் பெரிய இடி. நல்லவேளையாக அப்போது தவக்காலம். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாள் பிடித்த உணவை ஒறுப்பது எங்களிடம் உள்ள வழக்கம் என்பதால், நான் அதற்காகத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று அவராகவே முடிவு செய்து, அவரும் சேர்ந்து ஒறுத்தார். ஈஸ்டர் பூசை முடிந்து வந்து, குளித்து, நல்ல சட்டை போட்டு மேசையில் உட்கார்ந்தார். நான் கைலானை வைத்தேன். கல்லறையிலிருந்து கர்த்தர் எழுந்துவிட்டார், ஈரல் எழவில்லை. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்.

வருடத்தின் நடுவில் ரத்தம் எடுத்தார்கள். இவ்வளவு தழையைத் தின்றதற்கு எனக்கு ஒரு பதக்கமாவது கிடைக்கும் என்று போனேன். என்சைம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. எடை அசையவில்லை. டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து என் வயிற்றைக் குனிந்து பார்த்தேன். அது அப்பாவின் வயிற்றைப் போல மாறத் தொடங்கிவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. கொஞ்சம் அழுதேன்.

உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். பூவான், அதாவது திருமதி, நோரா என்ற மலாய்ப் பெண், சிரித்த முகம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். கீரைகளைச் சொன்னேன். நல்ல பெயர் எடுக்கும் ஆசையில், நான் இப்போதெல்லாம் "மாக்கான் ஹாத்தி" செய்வதே இல்லை என்றும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நல்லது அக்கா என்றார் மெதுவாக. எத்தனை வருடமாக அப்படி இருந்தது? கல்யாணம் ஆன நாளிலிருந்து என்றேன். அவர் கண் கலங்கியது போலிருந்தது. கணவராலா? அவரும் உண்டு என்றேன், ஆனால் அவரைவிட அவருடைய அண்ணன்தான் அதிகம். அண்ணனும் உங்கள் வீட்டிலா இருக்கிறார்? ஆமாம், அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இது கூடிப்போயிற்று. வெளியே யாரிடமாவது சொன்னீர்களா அக்கா? இதில் சொல்ல என்ன இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாதாரணமாக அரைக் கிலோ, கிறிஸ்துமஸ் என்றால் இரண்டு கிலோ என்றேன்.

"கிலோவா?" என்றார் பூவான் நோரா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

மலாயில் ஹாத்தி என்றால் ஈரல். ஹாத்தி என்றால் மனசும்தான். மாக்கான் ஹாத்தி என்று சேர்த்துச் சொன்னால், மனத்தாங்கலை வெளியே சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே விழுங்கி விழுங்கி வாடுவது. இது எனக்குத் தெரியாததல்ல. மலாய் டிவி நாடகத்தில் மருமகள் அழும்போதெல்லாம் வருகிற வார்த்தை. ஆனால் சின்சே அதைத் தேங்காய்ப்பாலுக்கும் பொரித்த மீனுக்கும் பின்னால் சொன்னார். சாப்பாட்டு வரிசையில் வந்ததைச் சாப்பாடு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நமக்கு ஆத்திரம் வந்தால் வயிறு எரிகிறது, பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது. மலாய்க்காரர்களுக்கு மனசே ஈரலில்தான் இருக்கிறது. சீனர்களின் சாத்திரத்திலோ கோபத்துக்கு வீடே கல்லீரல் என்று பிறகு சின்சேயே விளக்கினார். பச்சையை உள்ளே அனுப்பு, கோபத்தை உள்ளே பூட்டாதே என்பதுதான் அவர் சொன்ன பத்தியம். நான் பாதிப் பத்தியத்தை இருந்திருக்கிறேன், மீதிப் பாதிக்கு ஓர் அப்பாவி ஆட்டைத் தண்டித்திருக்கிறேன். பூவான் நோரா சிரித்து முடித்ததும் நான் மறைத்த டீக் கணக்கை ஒவ்வொன்றாக என் வாயிலிருந்து பிடுங்கினார். கீரை உங்களை ஏமாற்றவில்லை அக்கா, கீரைக்குப் பின்னால் குடிக்கிற சீனிதான் ஏமாற்றுகிறது என்றார்.

காரில் அந்தோணியிடம் சொன்னேன். அவர் சிக்னலில் காரை நிறுத்தினார்.

"எனக்கு அன்னிக்கே புரிஞ்சிருச்சு" என்றார்.

"அப்ப ஏன் சொல்லல?"

"ஈரல் நின்னா நல்லதுதானேன்னு விட்டுட்டேன். சொன்னா அண்ணனப் பத்திப் பேச்சு வரும்."

வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், மூன்று பேரும் இந்த ஹாத்தியையேதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு பேர் என்றுதான் நினைத்தேன்.

மாமாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எடுப்பது சுலபம். பின்கட்டில் தையல் பொம்மைக்கு முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். பொம்மைக்குத் தலை கிடையாது, எனவே எதிர்த்துப் பேசாது. நன்றாக வந்தது. ஹாலுக்குப் போனேன். மாமா பேப்பரை இறக்கிப் பார்த்தார். டீ வேணுமா மாமா என்று கேட்டுவிட்டு வந்தேன். இப்படியே பல வாரம் போயிற்று. என்னை எத்தனை தடவை எனக்கே பிடிக்காமல் போனது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு மதியம் மழை வந்தது. தகரத்தின் பக்கமாகச் சாய்ந்து அடித்தது. அடுத்த வாரக் கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை மிஷினில் இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் ஒரு கை முழுக்க நனைந்து, சாயம் இறங்கிவிட்டது. அதைக் கையில் பிடித்தபடி நின்றேன். உள்ளிருந்து குரல் வந்தது. "டீ போடுறியா மேரி?"

நனைந்த ரவிக்கையோடு உள்ளே போனேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெரியாது.

"மாமா, எனக்கு என் ரூம் வேணும்."

"எந்த ரூம்?"

"நீங்க படுக்குற ரூம். அது என் தையல் ரூம்."

விலா எலும்புக்குக் கீழே படபடவென்று அடித்தது. ஈரக்குலை நடுங்கியது என்று சும்மாவா சொல்கிறார்கள். மாமா பேப்பரை மடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ரவிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத ஏம்மா இத்தன வருஷமா சொல்லல? நான் கிளம்புறேன் கிளம்புறேன்னு சொன்னப்பல்லாம், இருங்க மாமா, என்ன அவசரம்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். ஒருத்தர் கிளம்புகிறேன் என்றால் இருங்க என்று சொல்வதுதானே மரியாதை? வேறு என்ன சொல்வார்கள்? வந்தவரை வழியனுப்பும் எல்லா வாசலிலும் நாம் சொல்கிற வார்த்தை அது. அதைக் கேட்டு யாரும் உண்மையிலேயே இருந்துவிடுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

"செல்வி ரஹாங்குக்கு வாப்பா வாப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு" என்றார். செல்வி அவருடைய மகள், சிரம்பான் பக்கத்து ரஹாங்கில் இருக்கிறாள். "நான் போனா மேரி மனசு கஷ்டப்படும்னு நான்தான் போகல. அந்த ரூம்ல மத்தியானம் மனுஷன் படுக்க முடியுமா? வெயில் நேரா வந்து விழுது. வேகுது லா."

 அவருக்கும் மூடி திறந்துவிட்டது.

"அந்த டீ இருக்கே. வாயில வைக்க முடியாத இனிப்பு. நீ ஆசையா போடுற, வேணாம்னா எப்படிச் சொல்றது?"

"நீங்கதானே டீ போடுறியான்னு கேப்பீங்க?"

"கெட்டில் சத்தம் கேக்குதே, டீ போடுறியான்னு கேட்டேன். போடுன்னா சொன்னேன்?"

ஒருவருக்கும் பிடிக்காத டீயை, ஒருவர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருவர், வருடக்கணக்கில் கலக்கிக் குடித்து, என் கல்லீரலை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையும் வந்தது. மாமா எழுந்து நனைந்த ரவிக்கையை வாங்கி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் விரித்துப் போட்டார். ஈரலை மட்டும் நெசமாவே பிடிச்சுத்தான் சாப்பிட்டேன், அதுல பொய் இல்ல என்றார்.

அந்த மாதமே அந்தோணியின் லாரியில் பெட்டியும் கட்டிலுமாக ரஹாங்குக்குப் போனார். ரவிக்கைக்கு நானே புதுக் கை வைத்துக் கொடுத்தேன். மிஷின் மறுபடி சன்னலோரம் வந்தது. அறை உண்மையிலேயே வேகத்தான் செய்தது, மாமா சொன்னது சரி. பகலில் திரை போட்டுக்கொண்டேன். கெட்டில் வைத்தால் சத்தத்துக்குப் பதில் சொல்ல ஆளில்லை, வெறும் சுடுதண்ணீர் குடித்தேன். சாயங்காலம் தோட்டத்து மண்ரோட்டில் நடந்தேன். கீரையை விடவில்லை, தேங்காய்ப்பால் சட்டியை விட்டேன். கீழ்க்கொக்கி மாட்டியது. அதற்கு நான் யாருக்கும் சொல்லாமல் ஒரு நன்றிப் பூசைக்குக் காசு போட்டேன்.

ஸ்கேன் நாள் சீனப் பெருநாளுக்குப் பிறகு வந்தது. நடக்கப் போகும் ரோட்டின் ஒரு பக்கத்தில் இன்னும் கொஞ்சம் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நிற்கின்றன. வருடத் தொடக்கத்தில் அவை இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், பிறகு செம்புநிறத்தில் தளிர்விட்டுப் பச்சையாகும். சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். சின்சே சொன்ன வசந்தம் எங்கள் ஊரிலும் வருகிறது என்பது அந்த வருடம்தான் உறைத்தது. நாங்கள் அதை இலை உதிர்ந்தால் பால் குறையும் காலம் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தோம்.

கல்லீரலின் இறுக்கம் குறைந்திருந்தது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றார். எடை குறைந்ததால் என்றார். பூவான் நோரா டீயை நிறுத்தியதால் என்றார். சின்சே நாடி பார்த்துவிட்டுக் கைலான் என்றார். அந்தோணி திரும்பும் வழியில் காரில் பாடினார். நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன், ஸ்கேனுக்குப் போங்கள், கீரையும் தின்னுங்கள்.

இப்போது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்தால் எனக்கு அங்கே ஒன்றும் தெரிவதில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பதைத் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். முன்பெல்லாம் எனக்கு வருடங்கள்தான் போகும், இப்போது ஒவ்வொரு நாளாகப் போகிறது. சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு மணிக்கு விழிப்பு வருவதில்லை.

மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் ரஹாங்கிலிருந்து வருகிறார், கையில் ஒரு கட்டு கைலானோடு. உப்பே இல்ல மேரி என்று வாய்விட்டுச் சொல்கிறார். போட மாட்டேன் மாமா என்று நானும் வாய்விட்டுச் சொல்கிறேன். சாயங்காலம் கிளம்புறேன் என்பார். போயிட்டு வாங்க மாமா என்பேன். முதல் சில வாரம் அந்த வார்த்தை என் நாக்கில் முள்ளாகக் குத்தியது. பிறகு பழகிவிட்டது.

போன ஞாயிறு மழை. அந்தோணி லாரி வேலையாக வெளியே போயிருந்தார். நானும் மாமாவும் ஹாலில் உட்கார்ந்து, அவருடைய மனைவி உயிரோடு இருந்தபோது நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார்.

"சரி மேரி, கிளம்புறேன்."

"இருங்க மாமா, என்ன அவசரம்?"

அவர் குடையோடு திரும்பி என்னைப் பார்த்தார்.

"நெசமாவா, மரியாதைக்கா?"

"நெசமாத்தான் மாமா."

மாமா குடையை மறுபடி மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் கெட்டிலை வைத்தேன். வேண்டுமா என்று கேட்டேன். சீனி இல்லாமல் என்றார்.